அடி தேயாத வெள்ளிச் செருப்பு

விசாக்காரர் உள்ளே வந்த நேரத்தில், பட்டாசு என்று பேர் வாங்கிய நாத்தனார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் பொத்தென்று உட்கார்ந்த அதிர்ச்சியில் பிஸ்கட் பாதியாக ஒடிந்து டீக்குள் போனது.

"போச்சு. இன்னிக்கு முதல் கேஸ், நீரில் மூழ்கி மரணம்" என்றாள் பட்டாசு.

அண்ணி சிரிக்கவில்லை. சிரித்தால் நாத்தனார் இன்னும் நாலு சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணி என்று முதலில் கூப்பிட்டது பட்டாசுதான். அண்ணன் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது? அண்ணி துப்பறியும் தொழிலில் இறங்கியதும் நாத்தனார் ஒத்தாசைக்கு வந்தாள். வந்தவள் வாயை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை. அவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணி என்றே அழைக்க, கடைசியில் வாசல் பலகையிலும் 'அண்ணி துப்பறியும் நிலையம்' என்று எழுதியாகிவிட்டது. அந்தப் பலகையில் நாத்தனாருக்கு ஓர் ஓரம்கூட ஒதுக்கவில்லை என்பது பட்டாசின் தீராத மனக்குறை.

"சொல்லுங்க" என்றாள் அண்ணி.

வந்தவருக்குத் தொழில், கலைக் குழுக்களுக்கு வெளிநாட்டில் வேலை செய்ய விசா வாங்கித் தருவது. பாட்டுக் குழு, நாடகக் குழு, சர்க்கஸ் என்று யார் கடல் தாண்டுவதானாலும் இவர் கைதான் விண்ணப்பம் எழுதும்.

"மேஜிக் மாஸ்டர் குழு தெரியுமில்லையா? வெளிநாட்டுல ஊர் ஊரா ஷோ. நாளைக்குக் காலையில இண்டர்வியூ. எல்லாம் ஒழுங்காப் போயிட்டிருந்தது. திடீர்னு ஒரு போன்" என்றார்.

"யாரு?"

"பேர் சொல்லலை. பொம்பளை குரல். கிசுகிசுன்னு பேசினா. 'உங்க லிஸ்ட்டுல தையல்காரின்னு ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது. இண்டர்வியூவுக்கு முன்னாடி மாத்துங்க'ன்னா. வெச்சுட்டா. அந்த நம்பர் இப்ப அணைஞ்சு கிடக்கு."

"தைக்கத் தெரியாத தையல்காரி எந்த ஊர்லதான் இல்ல? என் சட்டையைப் பாருங்க" என்றாள் பட்டாசு.

"விளையாட்டு இல்லம்மா" என்று அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடையில ஏர்றவங்களுக்கு ஒரு லிஸ்ட்டு. பின்னாடி வேலை பாக்கிறவங்களுக்கு ஒரு லிஸ்ட்டு. இந்த ரெண்டாவது லிஸ்ட்டுலதான் சங்கடமே. இந்த ஆள் இல்லாம ஷோ நடக்கவே நடக்காதுன்னு காட்டணும். இல்லைன்னா, அந்த வேலைக்கு எங்க ஊர்லயே ஆள் இருக்கே, இவரு எதுக்குன்னு கேப்பாங்க."

"நியாயமான கேள்வி. எங்க அண்ணன் இல்லாம எங்க வீடு ஜோரா நடக்கும். அவருக்கு விசா கிடைக்காது."

அண்ணி நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். அது முறைப்பா, ஆமோதிப்பா என்று சொல்வது கடினம்.

விசாக்காரர் தொடர்ந்தார். நேர்காணல் செய்கிற அதிகாரிக்கு ஏஜென்ட்டுகள் வைத்திருக்கும் பெயர் வாத்தியாரம்மா. காகிதத்தை நம்பமாட்டார், செய்து காட்டு என்பார். போன தடவை ஒரு பாட்டுக் குழு வந்தது. சவுண்ட்காரர் என்று வந்தவன் கையில் நீள ஒயரைக் கொடுத்துச் சுற்றச் சொன்னார். தொழில் தெரிந்தவன் ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றுவான். அப்போதுதான் மறுநாள் வீசினால் சிக்காமல் விரியும். இவனோ கொடிக் கயிறு மாதிரி முழங்கையில் மாட்டி வரிந்து கட்டினான். அவன் சவுண்ட்காரனே இல்லை, யாருடைய மச்சானோ. குழு மொத்தமும் அங்கேயே திரும்பியது.

"இந்தத் தையல்காரி மாஸ்டரோட மச்சினி, பொண்டாட்டியோட சொந்தத் தங்கச்சி. நாளைக்கு வாத்தியாரம்மா கையில ஊசியைக் கொடுப்பாங்க. அவ முழிச்சா, சொந்தக்காரியைத் திருட்டுத்தனமாக் கடத்துறாங்கன்னு ஆயிடும். குழுவுக்கே விசா போச்சு. அந்தப் பொண்ணு பேர்ல பொய் சொன்னவள்னு முத்திரை விழுந்துட்டா, இனிமே எந்த நாட்டு வாசலும் அவளுக்குத் திறக்காது. நானும் அந்த ஆபீஸ் படி ஏற முடியாது."

"மாஸ்டரைக் கேட்டீங்களா?"

"கேட்டேனே! அவ பிறக்கும்போதே கத்தரிக்கோலோட பிறந்தவன்னு சத்தியம் பண்றாரு. போன் பண்ணினவதான் பொறாமைக்காரியாம்."

அண்ணி பென்சிலால் மேஜையைத் தட்டினாள். "போன் வந்தப்போ பின்னாடி என்ன சத்தம்?"

விசாக்காரர் கண்ணை மூடி யோசித்தார். "கைதட்டல். ஆமா, நிறைய பேர் தட்டினாங்க. ஆனா பக்கத்துல இல்ல. தகரக் கூரை மேல மழை பெய்யுற மாதிரி. அவ குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி."

"அப்படின்னா ஷோ நடக்கிறப்போ, அந்த அரங்கத்துக்குள்ளேருந்து பேசியிருக்கா. வா பட்டாசு, போகலாம். ஏங்க, 'மாத்துங்க'ன்னா சொன்னா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"மாத்துங்கன்னுதான் சொன்னா."

"ம்" என்றாள் அண்ணி. அந்த ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷமாகியும் பட்டாசுக்குப் பிடிபடவில்லை.

* * *

அரங்கம் பகலில் பார்க்கச் சகிக்கவில்லை. இரவில் ஜொலிக்கிற திரை, பகல் வெளிச்சத்தில் ஒட்டுப் போட்டதாகத் தெரிந்தது. நாற்காலிகளுக்குக் கீழே நேற்றைய டிக்கெட் துண்டுகள்.

"இவங்க இண்டர்வியூவுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்க" என்று விசாக்காரர் அறிமுகப்படுத்தினார். மேஜிக் மாஸ்டர் மீசையைத் தடவியபடி இருவரையும் அளந்தார். பக்கத்தில் அவர் மனைவி. போஸ்டரில் பெட்டிக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கிற அதே முகம். வீட்டில் அவள் பெரியவள். கை நகமும் கால் நகமும் மயில் நீலத்தில் பளபளத்தன.

"நல்லாப் பயிற்சி கொடுங்க. நாங்க போட்டோ எடுத்துட்டு வந்துடறோம். ஒண்ணே ஒண்ணு. மேடையில கறுப்புத் துணி போட்டு ஒரு பெட்டி இருக்கு. அதை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"தொட்டா?"

"தொழிலே போச்சு."

அவர்கள் போனதும் பட்டாசு தன் சட்டைக் கையில் இருந்த பொத்தானைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். அண்ணி கேட்டுக்கொள்ளவில்லை, பட்டாசு காத்திருக்கவுமில்லை.

உடை அறையில் சின்னவள் இருந்தாள். பெரியவளின் தங்கை, பட்டியலில் தையல்காரி. உட்கார இரண்டு நாற்காலி சும்மா கிடக்க, அவள் ஒரு சின்னத் துணிப்பெட்டியின் மேல், காலை மடக்கி, முழங்கால் தாடையில் இடிக்க, மடக்கு நாற்காலியைச் சுவரில் சாய்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த நிலையில் நிம்மதியாக டீயும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பொத்தான் விழுந்துடுச்சும்மா. கொஞ்சம் தைச்சுக் குடுக்கறீங்களா?" என்று கையை நீட்டினாள் பட்டாசு.

சின்னவள் முகத்தில் இருந்த நிம்மதி இறங்கிப்போனது. "மெஷின் ரிப்பேருங்க..."

"பொத்தானுக்கு எதுக்கும்மா மெஷின்?"

வேறு வழியில்லை. ஊசியை எடுத்தாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, காதுக்குள் மட்டும் போகவில்லை. நாக்கில் நனைத்தாள், விளக்கில் பிடித்தாள். "இந்த ஊசி சரியில்லைங்க" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. கடைசியில் பட்டாசே கோத்துக் கொடுத்தாள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலில் இரண்டு குத்து வாங்கித் தைத்து முடித்தபோது பொத்தான் உறுதியாகத்தான் நின்றது. ஆனால் சட்டைக் கையின் இரண்டு பக்கமும் சேர்ந்து மூடிக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுக்க வழியில்லை.

"பிரமாதம். இனி கொசு கடிக்காது" என்றாள் பட்டாசு.

சின்னவள் கண் கலங்கிவிட்டது. பட்டாசுக்குச் சுருக்கென்றது. ஆளை மாட்டிவைக்க வந்தோம் என்பது அந்த நிமிஷம்வரை அவளுக்கு விளையாட்டாக இருந்தது.

அண்ணி இதற்குள் சுவரோரம் செருப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது அவள் கைப்பை கொஞ்சம் உப்பியிருந்தது.

"போன் பண்ணினவ சொன்னது நிஜம் அண்ணி. இவ தையல்காரின்னா நான் விண்வெளி வீராங்கனை" என்றாள் பட்டாசு நடைபாதையில், நூலைப் பல்லால் அறுத்தபடி.

"தையல்காரி இல்ல. சரி. அப்ப யாரு?"

"சும்மா ஊர் சுத்திப் பாக்க வர்ற மச்சினி."

"கால் விரலைப் பாத்தியா?"

"மயில் நீலம். அக்காளும் தங்கச்சியும் ஒரே பாட்டில்."

"கையில?"

பட்டாசு யோசித்தாள். சின்னவளின் கை நகங்கள் வெட்டி, வெறுமையாக இருந்தன. "பாட்டில் தீர்ந்திருக்கும்."

"கால்ல ஆரம்பிச்சுக் கைக்கு வர்றதுக்குள்ள தீர்ந்துச்சா? யாராவது காலை அலங்காரம் பண்ணிட்டுக் கையை விட்டுருவாங்களா? சரி, இதைச் சொல்லு." அண்ணி கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி வெள்ளி நிறச் செருப்பு. போஸ்டரில் பெரியவள் காலில் இருப்பது. "தட்டுல இதே மாதிரி ரெண்டு ஜோடி. ஒரே அளவு. ஒரு ஜோடிக்கு அடி தேஞ்சு கிடக்கு. இதுக்கு மேல்பக்கமெல்லாம் மரத்துல உரசின கீறல், வார் பழசாப் போச்சு. அடியைப் பாரு."

பட்டாசு திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. தூசிகூட இல்லை.

"மேல பழசு, கீழ புதுசு. இதைப் போட்டுக்கிட்டவ தரையில நிக்கவே இல்ல" என்ற பட்டாசு, "பறந்தாளா?" என்று கேட்டாள்.

"அதைப் பிறகு பாக்கலாம். முதல்ல அந்தக் கிணறு எங்க இருக்குன்னு தேடுவோம்."

பார்வையாளர் வரிசைகளுக்குப் பின்னால் சவுண்ட்காரரின் அறை. அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்; ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. இவர் அசல் சரக்கு என்று பட்டாசு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டாள்.

"ஷோ நடக்கிறப்போ யார் யார் எங்க இருப்பீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"மாஸ்டரும் அக்காவும் மேடையில. நான் இங்க. லைட்டுக்காரர் மேல. சின்னவங்க உடை அறையில தைச்சுக்கிட்டிருப்பாங்க. வெளியில நிக்கிறதெல்லாம் அரங்கத்து ஆளுங்க, அவங்களுக்கு விசாவே தெரியாது."

"கைதட்டல் சத்தம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

சவுண்ட்காரர் நெளிந்தார். "கூட்டம் கம்மியா இருந்தா... லேசா எடுத்துக் கொடுக்கிறதுக்கு..."

"மேஜிக் மாஸ்டர் மட்டுமில்ல, நீங்களும் மேஜிக்தான்" என்றாள் பட்டாசு.

திட்டம் எளியது. விசாக்காரர் வாசலில் போனோடு நிற்பார். சவுண்ட்காரர் கைதட்டலை ஒலிக்கவிடுவார். பட்டாசு ஒவ்வோர் இடமாகப் போய்க் கிசுகிசுவென்று பேசுவாள். உடை அறையிலிருந்து பேசினாள். கைதட்டலே கேட்கவில்லை என்றார் அவர். பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பேசினாள். ரொம்பத் தெளிவாக இருக்கிறது, இது இல்லை என்றார். நாற்காலி வரிசையிலிருந்து பேசினாள். காது கிழிகிறது என்று கத்தினார்.

அண்ணி மேடையைப் பார்த்தாள். கறுப்புத் துணி போட்ட பெட்டியைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணி, நம்ம உடம்புக்கு அது ஒத்து வராது."

"போர்டுல பேர் வேணும்னு கேட்டியே?"

இதற்கு மேல் என்ன பேசுவது? பட்டாசு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் இறங்கினாள். பெண்ணைப் படுக்கவைத்து நடுவில் அறுக்கிற பெட்டி அது. தலை நீட்ட ஒரு பக்கம் ஓட்டை, கால் நீட்ட மறுபக்கம் இரண்டு ஓட்டை. மூடி விழுந்ததும் இருட்டு. தடவிப் பார்த்தால் வெளியிலிருந்து பார்க்கிறதைவிட உள்ளே இடம் அதிகம். கால் பக்கம் கீழே ஒரு பள்ளம்; பள்ளத்தில் பழகித் தேய்ந்த ஒரு சின்னத் தலையணை. கால் ஓட்டை வழியாக வந்த கொஞ்ச வெளிச்சத்தில், அதன் விளிம்பு முழுக்க மயில் நீலத் தீற்றல்.

அவள் அந்தப் பள்ளத்துக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனாள். வெளியே கைதட்டல் பெட்டியின் பலகைகள் மேல் சடசடவென்று விழுந்தது.

"உங்க லிஸ்ட்டுல தையல்காரின்னு ஒருத்தி..."

"இதேதான்!" என்று அலறினார் விசாக்காரர். "இதே கிணறு! இதே மழை!"

ஆகவே அந்தப் போன் ஷோ நடுவில், இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. வெளியே ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி மடங்கிக் காத்திருக்கிறாள். பெரியவள் வந்து படுத்துத் தலையை நீட்டுகிறாள். மறுமுனையில் நீளுவது இன்னொருத்தியின் கால். பிறகு நடுவில் அறுத்தால் யாருக்கு வலிக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். முழு மச்சினியைப் பெட்டியில் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். தோள் வரவில்லை. இடுப்பு வரவில்லை. "அண்ணி!" என்றாள். அண்ணி மூடியைத் திறந்து இழுத்துப் பார்த்தாள். சவுண்ட்காரர் ஓடி வந்து இழுத்தார். பட்டாசு இன்னும் இறுகினாள்.

"இழுக்காதீங்க!"

சின்னவள் உடை அறையிலிருந்து ஓடி வந்திருந்தாள். பெட்டியருகே குனிந்தாள். ஊசியோடு தடுமாறிய கை இப்போது தடுமாறவே இல்லை.

"பயப்படாதீங்க. பயந்தா உடம்பு ஊதிக்கும். மூச்சை முழுசா வெளியில விடுங்க. இன்னும், இன்னும். இடது தோளை முதல்ல எங்கிட்டக் கொடுங்க. முழங்காலை மூக்குப் பக்கம் கொண்டு வாங்க. ஆங், அவ்வளவுதான்."

பட்டாசு தொப்பென்று மேடையில் வந்து விழுந்தாள். பிறந்த குழந்தை மாதிரி ஒரு மூச்சு இழுத்தாள்.

அண்ணி கைப்பையிலிருந்து வெள்ளிச் செருப்பை எடுத்துச் சின்னவள் முன்னால் வைத்தாள். "அடி தேயாத செருப்பு. உன்னோடதுதானே?"

சின்னவள் நிமிர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வேறொரு குரல் இடித்தது.

"பெட்டியைத் தொட்டது யாரு?"

* * *

மாஸ்டருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. கத்தவும் வேண்டும், கத்தினால் என்ன விஷயம் என்று சவுண்ட்காரருக்கே தெரிந்துவிடும். சவுண்ட்காரரை டீ வாங்க அனுப்பிவிட்டு, வாசலில் நின்ற விசாக்காரரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, மெல்லிய குரலில் கத்தினார்.

"இது தொழில் ரகசியம்மா! எனக்கு, இவளுக்கு, சின்னவளுக்கு. நாலாவது ஆளுக்குத் தெரியாது. மேடையில ரெண்டு பேர், லிஸ்ட்டுல மூணு பேர்னு போட்டா, மூணாவது ஆள் எங்கன்னு பச்சைப் புள்ளைகூடக் கேக்கும். அதான் தையல்காரின்னு போட்டேன்."

"அந்த லிஸ்ட்டு வாத்தியாரம்மா பீரோவுக்குள்ள போயிடும் சார், வெளியில யாரும் பாக்க மாட்டாங்க. ஷோ நோட்டீஸ்ல நீங்க என்ன வேணா போட்டுக்கோங்க. எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று விசாக்காரர் தலையில் கை வைத்தார்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எந்தப் பாவி போன் பண்ணினாளோ, அவளை முதல்ல சொல்லுங்க!"

"கெட்ட எண்ணத்துல பண்றவ நேரா விசா ஆபீசுக்குப் பண்ணுவா" என்றாள் அண்ணி. "இவ விண்ணப்பம் எழுதினவருக்குப் பண்ணியிருக்கா. பிடிங்கன்னு சொல்லலை, மாத்துங்கன்னு சொல்லியிருக்கா. மாட்டிவிட நினைச்சவ இல்ல, மாட்டிக்கப் போறவ. போன் வந்ததும் பெட்டிக்குள்ளேருந்து. இதுக்கு மேல நான் சொல்லணுமா, நீயே சொல்றியாம்மா?"

பட்டாசுக்கு அப்போதுதான் விளங்கியது. தையல்காரியைக் காட்டிக்கொடுத்தது தையல்காரியேதான்.

"நான்தான் அத்தான்" என்றாள் சின்னவள். "உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? அந்தம்மா ஊசியைக் கொடுத்தா எனக்குத் தெரியாதுன்னு. பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னீங்க. வெளி ஆள் சொன்னாலாவது கேப்பீங்கன்னு பாத்தேன். பகல்ல பேசினா யாராவது கேப்பாங்க. பெட்டிக்குள்ள இருக்கிறப்பதான் நான் தனியா இருக்கேன்."

"ஏன்டி, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றாள் பெரியவள்.

"உங்கிட்ட என்னக்கா சொல்றது? இத்தனை வருஷமா நீ தலை, நான் கால். கடல் தாண்டிப் போறோம், ஒரு காகிதத்துலயாவது நான் என்னவோ அதுவா இருக்கணும்னு ஆசையா இருந்தது. பொய்யாப் போய், பொய்க்காரின்னு பேர் வாங்கித் திரும்புறதுக்கு நான் வராமலே இருந்துடறேன்."

"தலை இருக்க வால் ஆடக் கூடாது" என்று மாஸ்டர் முணுமுணுத்தார். கோபம் பாதி குறைந்து, பழக்கதோஷம் மீதி பேசியது.

"உங்க ஷோவுல ஜனங்க காசு கொடுத்து வர்றதே வால் ஆடுறதைப் பாக்கத்தான் சார்" என்றாள் பட்டாசு. விலாவில் இன்னும் வலி இருந்ததால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

பெரியவள் குனிந்து அந்த வெள்ளிச் செருப்பை எடுத்துத் தங்கை கையில் கொடுத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவ பேர் மேடை லிஸ்ட்டுல வரணும். இல்லைன்னா நான் இனிமே பெட்டியில படுக்க மாட்டேன். நீங்க ஆணி அடிச்ச பலகையை அறுத்துக்கிட்டு நில்லுங்க."

மாஸ்டர் மீசையைத் தடவினார். "விண்ணப்பத்தை மாத்திக் கொடுங்க" என்று விசாக்காரரிடம் மட்டும் சொன்னார். "ஆனா அந்தம்மா நம்பணுமே. மேடை ஆளுன்னா, விண்ணப்பத்தோட வெச்ச ஷோ வீடியோவுல காட்டணும். கண்ணுல படாம இருக்கிறதுதான் இவ வேலையே."

"எதுக்கும் நாளைக்கு இந்தச் செருப்பை எடுத்துக்கிட்டு வாம்மா" என்றாள் அண்ணி சின்னவளிடம்.

* * *

வாத்தியாரம்மாவின் அறை பள்ளிக்கூட அறை மாதிரிதான் இருந்தது. அகலமான மர மேஜை. அதன் அடியில் ஃபைல் வைக்கிற தட்டு. மேஜை மேல் ஒரு கிண்ணத்தில் ஊசியும் நூலும் தயாராகக் காத்திருந்தன. கூட வந்தவர்கள் சுவரோரம் நிற்கலாம் என்றார். அண்ணியும் பட்டாசும் விசாக்காரரும் நின்றார்கள்.

"நேத்து வரைக்கும் தையல்காரி. இன்னிக்கு மேடைக் கலைஞர். ஒரே ராத்திரியில தொழில் மாறுமா?" வாத்தியாரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அவர் வீடியோவை ஓடவிட்டார். மாஸ்டர் வந்தார், பெரியவள் வந்தாள், பெட்டி வந்தது, ரம்பம் வந்தது. வீடியோ முடிந்தது.

"இதுல நீங்க எங்கயுமே இல்லையேம்மா?"

சின்னவள் அத்தானைப் பார்த்தாள். அவளாகச் சொல்லமாட்டாள் என்பது பட்டாசுக்குப் புரிந்தது. அவளை விட்டுக்கொடுப்பதா, ரகசியத்தை விட்டுக்கொடுப்பதா என்பது அவர் முடிவு. மாஸ்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர் மாதிரி முகம் கோணியது.

"மேடம்... அந்தக் கால் ரெண்டும் இவளோடது."

வாத்தியாரம்மா வீடியோவைப் பின்னால் ஓட்டினார். கால்கள் ஆடுகிற இடத்தில் நிறுத்தினார். பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேஜைக்கு அடியில் இருந்த ஃபைல்களை எடுத்துத் தரையில் வைத்தார்.

"செஞ்சு காட்டுங்க."

அந்தத் தட்டில் ஒரு பூனை படுக்கலாம். சின்னவள் பையிலிருந்து வெள்ளிச் செருப்பை எடுத்து மாட்டினாள். மூச்சை முழுசாக வெளியே விட்டாள். இடது தோள் முதலில் போனது. பிறகு என்ன எப்படிப் போனது என்று, பெட்டிக்குள் இருந்து வந்த பட்டாசுக்கே விளங்கவில்லை. ஆளைக் காணோம். மேஜையின் ஒரு முனையில் இரண்டு கால்கள் மட்டும் நீண்டன. பெரியவள் யாரும் சொல்லாமலே மறுமுனைக்குப் போய், மேஜை மேல் தலையைச் சாய்த்து, போஸ்டர் சிரிப்பைச் சிரித்தாள்.

கால்கள் ஆடின. முதலில் ஒன்றையொன்று கூச்சத்தோடு பார்த்துக்கொண்டன. பிறகு வலது கால் இடது காலைச் சீண்டியது. இடது கால் கோபித்துக்கொண்டு முகம் திருப்பியது. வலது கால் கட்டை விரலால் கெஞ்சியது. கணுக்காலைக் கிச்சுகிச்சு மூட்டியது. சமாதானம் ஆனதும் இரண்டும் சேர்ந்து, அதிகாரியின் பக்கம் திரும்பி, குனிந்து வணக்கம் சொன்னபோது வாத்தியாரம்மா கையில் இருந்த பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

சின்னவள் வெளியே வந்தாள். முகம் நனைந்திருந்தது.

"ஏம்மா, எங்கயாவது அடிபட்டுடுச்சா?"

"இல்ல மேடம். கைதட்டலை இதுவரைக்கும் உள்ளேருந்துதான் கேட்டிருக்கேன். தட்டுறவங்க முகத்தைப் பாத்ததில்ல."

பட்டாசுக்குச் சொல்வதற்குத் தோதாக ஒரு கிண்டலும் அகப்படவில்லை. அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரின் கையைத் தட்டிக்கொடுத்து, "போர்டு பெயின்டரை நாளைக்கு வரச் சொல்லு" என்றாள்.

வாத்தியாரம்மா ஊசிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். விண்ணப்பத்தை முன்னால் இழுத்தார். முத்திரையைக் கையில் எடுத்தவர், அதை அந்தரத்தில் நிறுத்தி, பெரியவளைப் பார்த்தார்.

"வெளியில தெரியற கால் தங்கச்சியோடது. சரி. அப்ப உங்க கால் ரெண்டும் எங்க போகுது?"

மாஸ்டர் முகம் வெளுத்தது. பெரியவள் அவரைப் பார்த்தாள். விசாக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பதில் வந்தது சின்னவளிடமிருந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளிச் செருப்போடு தரையில் நேராக நின்றுகொண்டு சொன்னாள்:

"அது எங்க தொழில் ரகசியம் மேடம்."

வாத்தியாரம்மா சிரித்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.